மைலோ டின்னுக்குள்ள ஒளிஞ்சிருக்கற மாத்திரை

வாசகி கேள்வி:

அக்கா வணக்கம். எனக்கு 34 வயசு, பினாங்கு பிறையில இருக்கேன், எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரர் லோரி ஓட்டறாரு, வாரத்துல நாலு நாள் வெளியூர்தான். அஞ்சாறு மாசமா எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் இல்ல, சோறு இறங்கல, ஒரு நாள் காரணமே இல்லாம லாக்கர் ரூம்ல உக்காந்து அழுதேன். க்ளினிக் கெசிஹாத்தான்ல, அரசாங்க க்ளினிக்லதான், டாக்டர் பாத்து டிப்ரெஷன்னு சொல்லி செர்ட்ராலின் 50 மில்லிகிராம் குடுத்தாங்க, மொத வாரம் பாதி, அப்புறம் முழுசு. ஒம்போது நாள் சாப்டேன். குமட்டல், வயித்தால போகுது, தூக்கம் இன்னும் மோசம், பிரயோஜனம் ஒண்ணுமே இல்ல. நிறுத்தி ரெண்டு வாரமாச்சு. லேபல்ல வேற 'உபாட் தெர்கவால்', அதாவது கட்டுப்பாட்டு மருந்துன்னு போட்டிருந்துச்சு, பயந்து கிழிச்சு போட்டுட்டேன். கூட வேலை செய்ற அக்கா ஒருத்தவங்க, அது போதை மாதிரி, ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விட முடியாதுன்னு சொல்றாங்க. மாமியாருக்கு தெரியாது, தெரிஞ்சா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி கேஸுன்னு சொல்லிடுவாங்க, அதனால மாத்திரைய பழைய மைலோ டின்ல போட்டு அலமாரி மேல வெச்சிருக்கேன். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் நேர்ந்திருக்கேன், விரதத்துல மாத்திரை சாப்பிடலாமா? பீரியட்ஸ் வலிக்கு பொன்ஸ்தான் சாப்பிடுவேன், அது ஒத்துக்குமா? சில நாள் காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. திரும்ப ஆரம்பிக்கவா, இல்ல இப்படியே விட்டுடவா?

பதில்:

தங்கச்சி, உன் லெட்டர மூணு தடவ படிச்சேன். விரதத்துக்கும் பொன்ஸ்தானுக்கும் நடுவுல, போற போக்குல ஒரு வரி எழுதியிருக்க பாரு, எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு, நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். இருவது வருஷத்துக்கு மேல ஃபார்மசி கவுண்டர்ல நிக்கறேன், நெறைய பேரு முக்கியமானத இப்படித்தான் சொல்லுவாங்க, பைய எடுத்துக்கிட்டு கெளம்பறப்ப, செருப்பு போட்டுக்கிட்டே. டாக்டர்கிட்ட இத சொன்னியான்னு நீ எழுதல, சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன். நாளைக்கே சொல்லணும், அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம். அந்த நெனப்பு தோணுதுங்கறத தாண்டி, எப்படி எப்பன்னு யோசிக்கற அளவுக்கு போச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போ, இல்ல 999 அடி. நடு ராத்திரில யாருகிட்டயாவது பேசணும்னா, மனக்கஷ்டத்த காது குடுத்துக் கேக்கற பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க. அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், ஹீல் லைன் 15555 இருக்கு. வாயத் தொறந்தா போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு இன்னும் நெறைய பேருக்கு பயம் இருக்கு, முன்னாடி தற்கொலை முயற்சிக்கு பீனல் கோட் 309-னு ஒரு செக்‌ஷன் இருந்துச்சு, 2023-ல அத எடுத்தாச்சு. அது முயற்சி செஞ்சவங்களுக்குத்தான், இப்படி தோணுதுன்னு டாக்டர்கிட்ட சொல்றது எந்தக் காலத்துலயும் குத்தம் இல்ல.

இப்ப மாத்திரைக்கு வரேன். நீ ஒம்போது நாள்ல நிறுத்தினேன்னு படிச்சதும் எனக்கு அய்யோன்னு இருந்துச்சு, ஏன்னா இந்த மாத்திரையோட குணமே அதுதான், கெட்டத முதல்ல காட்டும், நல்லத பின்னாடிதான் காட்டும். நம்ம உடம்புல செரடோனின்னு சேதி கடத்தற ஒரு ரசாயனம் இருக்கு, அதுல ஏறக்குறைய 90 சதவீதம் மூளைல இல்ல, குடல்ல இருக்கு. மாத்திரை அந்த செரடோனின் மேலதான் வேலை செய்யுது, அதனால மொத ஆளா முழிச்சுக்கறது வயிறு. குமட்டல், வயித்தால போறது, தலைவலி, ஒரு மாதிரி படபடப்பு, தூக்கம் கெடறது, இதெல்லாம் மொத வாரம் பத்து நாள்ல வந்து அப்புறம் மெல்ல அடங்கிடும், பெரும்பாலானவங்களுக்கு. மனசுல மாத்தம் தெரிய ரெண்டுலேந்து நாலு வாரம், இந்த மருந்து நமக்கு ஒத்து வருதா இல்லையான்னு ஒழுங்கா முடிவு பண்ண ஆறு வாரம்கூட ஆகும். அதுவும் சந்தோஷம் பொங்கிக்கிட்டு வரும்னு எதிர்பாக்காத. மொதல்ல தூக்கம் கொஞ்சம் சரியாகும், பசி எடுக்கும், நீயே கவனிக்க மாட்ட, பிள்ளைங்கதான் கவனிக்கும், அம்மா இன்னிக்கு கத்தலன்னு. நீ எட்டாவது நாள் பாதிய முழுசாக்கின, வயிறு ரெண்டாவது தடவ கலங்கிச்சு, ஒம்போதாவது நாள் விட்டுட்ட. கஷ்டத்த முழுசா அனுபவிச்சுட்டு பலன் வர்றதுக்கு முன்னாடி பஸ்ஸ விட்டு இறங்கின மாதிரி ஆச்சு. உன்ன குத்தம் சொல்லல, இத குடுக்கறப்பவே உக்கார வெச்சு யாராவது சொல்லியிருக்கணும், கவுண்டர் முன்னாடி நாப்பது பேரு நம்பர் வெச்சுக்கிட்டு நிக்கறப்ப நாங்களே அத சொல்லாம விட்டுடறோம், அது எங்க தப்பு.

ஆனா ஒண்ணு, இத படிச்சுட்டு ஓடிப்போய் டின்ன எறக்கி முழு மாத்திரைய வாயில போட்டுக்காத. ரெண்டு வாரம் விட்டுட்ட, உடம்பு பழையபடி ஆகியிருக்கும், பொதுவா திரும்ப பாதிலேந்துதான் ஏத்துவாங்க, சில பேருக்கு அதவிட மெதுவா, சில பேருக்கு வேற மருந்தே மாத்துவாங்க, அத உன் டாக்டர் முடிவு பண்ணட்டும். க்ளினிக்குக்கு போன் அடிச்சு, நிறுத்திட்டேன், ரெண்டு வாரமாச்சு, இப்ப என்ன செய்யறதுன்னு கேளு. யாரும் திட்ட மாட்டாங்க. திட்டினா திட்டட்டும் லா, காது கேக்கட்டும், மருந்து கைக்கு வரட்டும்.

'உபாட் தெர்கவால்' பத்தி சொல்லணும், இத நான் எத்தன பேருக்கு சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல. அது போதை மருந்துன்னு அர்த்தம் இல்ல. நம்ம நாட்டு சட்டத்துல ஒண்ணு டாக்டர் சீட்டோட, இல்ல ஃபார்மசிஸ்ட் மூலமாத்தான் குடுக்கணும்னு இருக்கற மருந்துக்கெல்லாம் அந்த வார்த்தைய லேபல்ல போடணும். உங்க மாமியார் பிரஷருக்கோ இனிப்பு நீருக்கோ மாத்திரை எடுக்கறாங்கன்னா அந்தப் பைய திருப்பிப் பாரு, அம்லோடிபின், மெட்ஃபோர்மின் எல்லாத்துலயும் அதே 'உபாட் தெர்கவால்'தான் இருக்கும்.

அடிமை ஆகிடுவோமாங்கறதுக்கு நேரா பதில் சொல்றேன். போதைங்கறது, இன்னும் வேணும் இன்னும் வேணும்னு மனசு அலையறது, டோஸ ஏத்திக்கிட்டே போறது. செர்ட்ராலின் மாதிரி மாத்திரைக்கு அது இல்ல, யாரும் அத சாப்டுட்டு கெறங்கினதும் இல்ல. ஆனா உன்கூட வேலை செய்ற அக்கா சொன்னது முழு பொய்யுன்னும் நான் சொல்ல மாட்டேன். மாசக்கணக்கா சாப்டுட்டு திடீர்னு ஒரு நாள் நிறுத்தினா உடம்பு முறுக்கிக்கும், ரெண்டு மூணு நாள்ல தலை சுத்தும், எரிச்சல் வரும், கண்டபடி கனவு வரும், மண்டைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி சுரீர்னு ஒண்ணு ஓடும். இத அனுபவிச்சவங்கதான் போய் விடவே முடியாதுன்னு சொல்றது. விடலாம், மெல்ல எறக்கணும், அவ்ளோதான், வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல. மொத தடவ டிப்ரெஷன் வந்தவங்கள, நல்லா ஆனதுக்கு அப்புறமும் ஆறுலேந்து ஒம்போது மாசம் தொடர சொல்லுவாங்க, சீக்கிரம் விட்டா திரும்ப வர சான்ஸ் ஜாஸ்தி. திரும்பத் திரும்ப வந்தவங்களுக்குத்தான் ரெண்டு வருஷம், அதுக்கு மேல. நீ ஒம்போது நாள்தான் சாப்ட, அதனால நிறுத்தினதால உனக்கு பெருசா ஒண்ணும் வராது. பழக்கமாகற மாத்திரைன்னா அது வேற, அல்ப்ராசோலம், லோராசெபம் மாதிரி தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குடுக்கறது. ஆரம்பத்துல கூட சேத்து கொஞ்ச நாளைக்கு எழுதுவாங்க, அத மட்டும் சொன்ன நாளுக்கு மேல எடுக்காத, பக்கத்து வீட்ல கடன் வாங்கி சாப்பிடாத.

உன் லெட்டர்ல என்ன ரொம்ப தொந்தரவு பண்ணினது அந்த மைலோ டின்தான். பிள்ளைங்க இருக்கற வீடு, மைலோ டின்ன பாத்தா எந்தப் பிள்ளை கை வைக்காம இருக்கும்? அலமாரி மேலன்னா நாற்காலி போட்டு ஏறத் தெரியாதா அதுங்களுக்கு? லேபல வேற கிழிச்சுட்ட, நாளைக்கு ஒரு பிள்ளை முழுங்கிடுச்சுன்னா எமர்ஜென்சில என்ன மாத்திரை, எத்தன மில்லிகிராம்னு கேப்பாங்க, என்ன சொல்லுவ? பூட்டு இருக்கற டிராயர்ல வை, லேபலோட வை. ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பைய தூக்கிப் போட்டுட்டேன்னா க்ளினிக்ல சொல்லு, புதுசா ஒட்டிக் குடுப்பாங்க. லேபல் வெச்சுக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அரசாங்க க்ளினிக்ல சப்ளை மாறறப்ப மாத்திரையோட நெறம், வடிவம், பேரு எல்லாம் மாறும், உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். ஒருத்தர் போன மாசம் வாங்கின வெள்ளையும் இந்த மாசம் வாங்கின நீலமும் வேற வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் சேத்து ஒரு மாசம் போட்டுட்டு வந்தாரு. கம்பெனி பேர விடு, லேபல்ல இருக்கற மருந்து பேர படி.

ஆனா டின்ல நீ ஒளிச்சது மாத்திரைய மட்டும் இல்ல. ஒரு விஷயம் சொல்றேன். ஐம்பது வயசு தாண்டின ஒரு அண்ணன், எஸ்சிட்டலோப்ராம்னு செர்ட்ராலின் மாதிரியே ஒரு டிப்ரெஷன் மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தாரு, வீட்ல யாருக்கும் தெரியாது. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு வேற ஒரு க்ளினிக் போனாரு. வேற மருந்து எதும் சாப்பிடறீங்களான்னு அங்க கேட்டிருக்காங்க, பக்கத்துல சம்சாரம் உக்காந்திருக்காங்க, இவரு இல்லன்னு தலையாட்டிட்டாரு. டிராமடோல்னு வலி மாத்திரை குடுத்தாங்க. மறுநாள் சாயங்காலம் என் கவுண்டருக்கு வந்தாரு, ஏர்கோன் ஓடற எடத்துல சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கை நடுங்குது, நம்பர் சீட்ட புடிக்க முடியல, கால் தானா துள்ளுது, ஒரு எடத்துல நிக்க முடியாம அங்கயும் இங்கயும் நடக்கறாரு. அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நல்லபடியா வந்துட்டாரு. செரடோனின் அளவுக்கு மீறி ஏறினா வர்றது இது, வேர்வை, நடுக்கம், காய்ச்சல், வயித்தால போறது, ஒரே தவிப்பு. டிராமடோல் சேந்ததுதான் காரணம். அந்த டாக்டர் மேல என்ன தப்பு? கேட்டாரே, இவருதான் சொல்லல.

அதனால எந்தக் க்ளினிக் போனாலும், பல்லு புடுங்கப் போனாலும், செர்ட்ராலின் சாப்பிடறேன்னு சொல்லிடு. வாயால சொல்ல வெக்கமா இருந்தா லேபல போன்ல படம் புடிச்சு வெச்சுக்கோ, எடுத்துக் காட்டு, ஒரு வார்த்தை பேச வேணாம். இருமல் மருந்துல டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் இருக்கும், அதுவும் இதோட சேரக் கூடாத பட்டியல்ல இருக்கு, ஃபார்மசில சளி மருந்து வாங்கறப்பவே சொல்லு. உங்க வீட்டுக்காரர் லோரி ஓட்டறவரு, முதுகு வலின்னு வீட்ல டிராமடோல் கெடக்கும்னு நெனைக்கறேன், தலைவலிக்கு அத எடுத்து போட்டுக்காத. 'மனச லேசாக்கற மூலிகை'ன்னு செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் விப்பாங்க, கூடவே கூடாது. சின்சே, அதான் சீன வைத்தியர், குடுக்கற பொடி, நைட் மார்க்கெட்ல விக்கற ஜாமு, மக்ஜுன் மாதிரி நாட்டு மருந்து, இதுலெல்லாம் என்ன கலந்திருக்குன்னு விக்கறவருக்கே தெரியாது, சிலதுல ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டிருக்கு. எத வாங்கினாலும் டப்பால மால் நம்பர், அதான் அரசாங்கத்துல பதிவு பண்ணின நம்பர், இருக்கான்னு பாரு, இருந்தாலும் இதோட சேத்து சாப்பிடலாமான்னு கேட்டுட்டு சாப்பிடு.

பொன்ஸ்தான் நல்ல கேள்வி, பத்துல ஒருத்தர்கூட கேக்க மாட்டாங்க. செர்ட்ராலின் ரத்தம் உறையறத லேசா கொறைக்கும், பொன்ஸ்தான், டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் வயித்துப் புண்ண கெளப்பும், ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தக் கசிவு வர்ற வாய்ப்பு கூடும். மொதல்ல பெனடோலும் ஹாட் வாட்டர் பேக்கும் போட்டுப் பாரு. அது கேக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லு, ஒண்ணு ரெண்டு நாளைக்குன்னா வயித்துக்கு பாதுகாப்பு மருந்து சேத்து குடுப்பாங்க. முன்னாடி அல்சர் வந்திருந்தா பொன்ஸ்தான் பக்கமே போகாத. மலம் தார் மாதிரி கறுப்பா போச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

விரதத்துக்கு வரேன். தாராளமா இரு, மாத்திரையும் சாப்பிடு, மருந்துக்கு எந்த சாமியும் கோவிச்சுக்காது. எங்க அம்மா 48 நாள் விரதத்துல இன்சுலின் குத்திக்கிட்டுத்தான் மலையேறினாங்க. செர்ட்ராலின் மாத்திரைக்கு சாப்பாட்டு கட்டாயம் இல்ல, வெறும் வயித்துல சாப்டா குமட்டல் ஜாஸ்தி, அவ்ளோதான், அதனால ஒருவேளை சாப்பாடுன்னா அந்த வேளையோட சேத்துக்கோ. சைவமான்னு மனசுல இருக்கும், கேக்க கூச்சப்படுவாங்க. கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுலேந்தோ வேற விலங்குலேந்தோ எடுக்கறது. உன்னோடது கேப்ஸ்யூல் இல்ல, மாத்திரை, அந்தக் கூடு கெடையாது. ஃப்ளூவோக்செட்டின்னு இன்னொரு டிப்ரெஷன் மருந்து கேப்ஸ்யூலா வரும், அத வாங்கறவங்க இத கவுண்டர்ல கேளுங்க, நீங்களா கூட்ட பிரிச்சு கொட்டிக் குடிக்காதீங்க. பால்குடம் எடுக்கற அன்னிக்கு தண்ணி மட்டும் மறக்காத, இந்த மாத்திரை சில பேருக்கு வேர்வைய கூட்டும், 500 படிக்கு மேல இருக்கு, வெயில் வேற, கீழ தண்ணீர்ப் பந்தல்ல மோர் குடுத்தா வாங்கிக் குடி.

ஷிஃப்ட் பத்தி நீ கேக்கல, ஆனா நான் சொல்றேன், ஷிஃப்ட் வேலை செய்றவங்க பாதி பேரு இதுலதான் கொழம்பி விட்டுடறாங்க. பகல் ஷிஃப்ட்லயும் நைட் ஷிஃப்ட்லயும் ரெண்டுலயுமே நீ முழிச்சிருக்கற ஒரு நேரத்த புடி. சாயங்காலம் அஞ்சு ஆறு மணின்னு வையேன், பகல் ஷிஃப்ட்ல அது டீ பிரேக், நைட் ஷிஃப்ட்ல எந்திரிச்சு சாப்பிடற நேரம். அதனால தூக்கம் கெடுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லி நேரத்த மாத்திக்கலாம். மூணு நாலு மணி நேரம் முன்ன பின்ன ஆனா குடி முழுகிடாது, இந்த மருந்து உடம்புல பாதியா கொறையவே ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டுப் போச்சா, ஞாபகம் வந்தப்ப போட்டுக்கோ, அடுத்த நேரம் கிட்ட வந்துட்டா அத விட்டுடு, ரெண்டா மட்டும் போட்டுக்காத. மொத ரெண்டு வாரம் தலை கிறுகிறுன்னு இருந்தா மோட்டார்ல வேலைக்கு போகாத, கம்பெனி பஸ்ல போ.

இன்னும் சில விஷயம் சுருக்கமா. இந்த மருந்துல புருஷன் பொண்டாட்டி விஷயத்துல ஆர்வம் கொறையலாம், கவுண்டர்ல இத பத்தி யாரும் வாயே தொறக்க மாட்டாங்க, ரகசியமா மாத்திரைய நிறுத்திடுவாங்க. சொன்னா டோஸ கொறைக்கவோ மருந்த மாத்தவோ வழி இருக்கு. நாள் தள்ளிப் போச்சுன்னாலும் நீயா நிறுத்தாத, உடனே போய் சொல்லு, கர்ப்பத்துலயும் தொடர்றவங்க இருக்காங்க. திரும்ப ஆரம்பிச்ச மொத வாரங்கள்ல, உக்கார முடியாத அளவுக்கு தவிப்போ, சாகற நெனப்பு கூடறதோ, இல்ல அதுக்கு நேர்மாறா ரெண்டு மூணு நாளா தூக்கமே இல்லாம ஒரே உற்சாகம், கண்டபடி செலவு, பேச்ச நிறுத்த முடியலங்கற மாதிரியோ இருந்தா காத்திருக்காத, போன் அடி. மொதல் ரெண்டுதான் 25 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஜாஸ்தி கவனிக்க சொல்றது, ஆனா உனக்கு ஏற்கனவே அந்த நெனப்பு இருக்கறதால உன்னையும் யாராவது ஒருத்தர் கவனிக்கணும்.

அந்த ஒருத்தர் யாரு? அங்கதான் டின் இடிக்குது. மாமியார்கிட்ட சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன், உன் வீட்டு நெலவரம் உனக்குத்தான் தெரியும். அவங்க தலைமுறைக்கு மனசு சரியில்லன்னா தஞ்சோங் ரம்புத்தான் மட்டும்தான் தெரியும், அந்த ஆஸ்பத்திரி 1911-ல தொறந்தது, அப்ப டிப்ரெஷனுக்குன்னு மாத்திரையே கெடையாது. மொத மாத்திரைங்க 1950-கள்லதான் வந்துச்சு, அதுல ஒண்ணு டிபி நோயாளிங்களுக்கு குடுத்த மருந்து, வார்டுல படுத்துக் கெடந்தவங்க எந்திரிச்சு சிரிச்சுப் பேச ஆரம்பிச்சத பாத்து கண்டுபுடிச்சாங்க. அதெல்லாம் அவங்க காதுக்கு எட்டவே இல்ல, அதுல அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. ஆனா வீட்டுக்காரருக்கு தெரியணும். நேர்ல சொல்ல வரலன்னா அவரு லோரிய ஓரமா நிறுத்தி சாப்பிடற நேரத்துல போன்ல சொல்லு, முகம் பாக்காம சொல்றது சில பேருக்கு சுலபம். "டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க, மொத ரெண்டு வாரம் கொஞ்சம் மோசமா இருக்கும், ராத்திரில ஒரு தடவ போன் அடிச்சு எப்படி இருக்கேன்னு கேளுங்க", இவ்ளோ சொன்னா போதும், அவரு பெருசா வைத்தியம் பாக்க வேணாம்.

க்ளினிக் போறப்ப அந்த டின்ன அப்படியே எடுத்துட்டுப் போ, மிச்சம் எத்தன இருக்குன்னு எண்ணிப் பாக்க வசதி. வீட்ல கெடக்கற பழைய மருந்து, முடிஞ்சு போனது, டிராமடோல் மிச்சம், எல்லாத்தையும் ஒரு பைல போட்டு கவுண்டர்ல குடுத்துடு, வாங்கிக்குவாங்க, இப்ப உன் வீட்ல மருந்து எவ்ளோ கம்மியா இருக்கோ அவ்ளோ நல்லது. பதிவுக்கு ஒரு வெள்ளிதான், மருந்துக்கு தனியா காசு இல்ல. உளவியல் கவுன்சலிங்குக்கும் எழுதிக் குடுக்க முடியுமான்னு கேளு, மாத்திரையும் பேச்சும் சேந்தா நல்லா வேலை செய்யும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாத, 12.15-லேந்து 2.45 வரைக்கும் பிரேக், வெளிய பெஞ்சுல உக்காந்து வேர்த்துக்கிட்டிருப்ப. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா காலைல போயிடு.